வேலையின்மை 3 சதவீதம், வேலை கொடுப்பவர் ஒருவர்

கேள்வி: "வணக்கம் சார். ஒன்பது வருடமாக நியூஜெர்சியில் இருக்கிறோம். கணவர் மெக்கானிக்கல் இன்ஜினியர், ஹெச்-1பி வேலை விசா. கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு அப்ரூவ் ஆகி மூன்று வருடம் ஆகிறது. நான் ஹெச்-4 என்ற துணைவர் விசாவில், ஈஏடி என்ற வேலை அனுமதியோடு ஒரு ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். அவருக்கு ஏதாவது ஆனாலும் என் சம்பளம் இருக்கிறது. இரண்டு குழந்தைகள். இப்போது அவருக்கு இண்டியானாவில் ஒரு சின்ன மெட்ரோ ஏரியாவிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. சம்பளம் இங்கே வாங்குவதேதான். 'வேலையின்மை 3 சதவீதத்துக்கும் கீழே, தனிநபர் வருமானம் 2019லிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது, வீட்டு விலை உங்கள் ஊரில் பாதிகூட இல்லை' என்று ஹெச்.ஆர். ஒரு பிடிஎஃப் அனுப்பியிருக்கிறார்கள். நானும் அரசாங்க சைட்டுகளில் தேடினேன். ஒரு பக்கத்தில் வேலையின்மை குறைந்திருக்கிறது. இன்னொரு பக்கத்தில் அதே ஊரில் வேலைகளின் எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்? அண்ணன், 'யோசிக்காம போ, போனதும் வீட்டை வாங்கிடு' என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஊர்ப் பெயரை வெளியிட வேண்டாம்."

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஊர்ப் பெயரை வெளியிடவில்லை. நீங்கள் இணைத்திருந்த பிடிஎஃபையும் ஆஃபர் லெட்டரையும் பார்த்தேன். பிடிஎஃபில் பொய் எதுவும் இல்லை. இருபது வருடமாக இந்த எண்களோடுதான் என் பிழைப்பு என்பதால் சொல்கிறேன், இப்படிப்பட்ட பிடிஎஃப்களில் பொய் இருக்காது. எந்த எண்ணை எடுத்துப் போடுவது, எந்த வருடத்திலிருந்து கோடு போட ஆரம்பிப்பது என்பதில்தான் சாமர்த்தியம் எல்லாம்.

முதலில் 'மெட்ரோ' என்ற சொல். நம் காதுக்கு அது சென்னை, மும்பை மாதிரி ஒலிக்கும். அமெரிக்க அரசாங்கக் கணக்கில் குறைந்தது 50,000 பேர் வசிக்கும் ஒரு நகர்ப்பகுதி இருந்தால் போதும், அந்த கவுண்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு மெட்ரோ ஏரியா. அக்கம்பக்கத்துக் கவுண்ட்டிகளிலிருந்து உழைப்பவர்களில் கால்வாசிப் பேராவது இங்கே வேலைக்கு வந்து போனால் அவையும் சேரும். 2023 ஜூலையில் போட்ட புதிய பட்டியலில் போர்ட்டோ ரிக்கோவையும் சேர்த்து இப்படி 393 ஏரியாக்கள். நியூயார்க்–நியூவார்க்–ஜெர்சி சிட்டியும் அதில் ஒன்று, சுமார் 82,000 பேர் வசிக்கும் இண்டியானாவின் கொலம்பஸும் அதில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே அட்டவணை, ஒரே கட்டங்கள். ஆனால் பெரிய ஊரின் எண்ணைப் படிக்கிற மாதிரி சின்ன ஊரின் எண்ணைப் படித்தால் ஏமாந்துபோவோம்.

உங்களைக் குழப்பிய விஷயத்துக்கு வருகிறேன். வேலையின்மை விகிதம் வீட்டுக் கணக்கு: இந்த ஊரில் குடியிருப்பவர்களில் எத்தனை பேர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது. வேலைகளின் எண்ணிக்கை கம்பெனிக் கணக்கு: இந்த ஊரில் இருக்கும் கம்பெனிகளின் சம்பளப் பட்டியலில் எத்தனை பெயர்கள் என்பது. பக்கத்துக் கவுண்ட்டியிலிருந்து காரில் வந்து வேலை பார்ப்பவர் இரண்டாவது கணக்கில் இந்த ஊர், முதல் கணக்கில் அவர் குடியிருக்கும் ஊர். பகலில் ஆஸ்பத்திரி, வார இறுதியில் முதியோர் இல்லம் என்று இரண்டு இடத்தில் வேலை பார்க்கும் நர்ஸ் முதல் கணக்கில் ஒருவர், இரண்டாவது கணக்கில் இருவர். ஆகவே இரண்டும் எதிரெதிராகப் போவது அதிசயமே இல்லை.

அதைவிட முக்கியம், வேலை தேடுவதை நிறுத்தியவர் வேலையில்லாதவர் கணக்கிலேயே வரமாட்டார். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஊரில் வேலையில் இருப்பவரும் தேடுபவருமாக 50,000 பேர், அதில் 2,000 பேருக்கு வேலை இல்லை. விகிதம் 4. அந்த 2,000 பேரில் 800 பேர் அலுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள், அல்லது வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். மிச்சம் 1,200 பேர், மொத்தம் 49,200. விகிதம் 2.4 ஆகிவிட்டது. ஒரு புது வேலைகூட உருவாகவில்லை. பிடிஎஃப் தயாரிப்பவருக்கோ கொண்டாட்டம். அதனால் விகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதே அட்டவணையில் பக்கத்திலேயே இருக்கும் 'உழைப்பாளர் தொகை' என்ற எண்ணையும் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துப் பாருங்கள். அது கரைந்துகொண்டே வந்தால் குறைந்த வேலையின்மையில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. வேலையின்மையைக் கண்டுபிடிக்கிற மாதாந்திர சர்வே நாடு முழுக்கவே சுமார் 60,000 வீடுகளில்தான் நடக்கிறது. அதில் நீங்கள் போகப்போகும் ஊரின் பங்கு எத்தனை வீடு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சின்ன ஊர்களின் விகிதம் இதனால் நேரடியாக எண்ணப்படுவதில்லை. மாநில அளவிலான மதிப்பீட்டையும் வேலையில்லாக் காப்பீட்டு விண்ணப்பங்களையும் வைத்துப் பகிர்ந்து மதிப்பிடுகிறார்கள், ஒவ்வொரு வருடமும் திருத்துகிறார்கள். போன மாதம் 2.9, இந்த மாதம் 2.6 என்பதற்கெல்லாம் அர்த்தம் தேடாதீர்கள். இந்த மார்ச்சைப் போன மார்ச்சோடு ஒப்பிடுங்கள், அது போதும்.

அடுத்து 'தனிநபர் வருமானம்'. இந்த எண்ணின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கேட்பவர் எல்லாரும் அதைச் சம்பளம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் கணக்கிடும் அந்த எண்ணில் சம்பளம் ஒரு பகுதிதான். கம்பெனி உங்கள் பெயரில் கட்டும் இன்ஷூரன்ஸ், பென்ஷன் தொகை அதில் உண்டு. வட்டி, டிவிடெண்ட் உண்டு. சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன், மெடிகேர், மெடிகெய்ட் மருத்துவ உதவி என அரசாங்கம் தரும் எல்லாமும் உண்டு. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத்தானே வாடகை கொடுப்பதாகப் பாவித்துப் போடும் கற்பனை வருமானம்கூட உண்டு! இத்தனையையும் கூட்டி, கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஊரில் இருக்கும் எல்லார் தலைக்கும் வகுத்தால் வருவதுதான் தனிநபர் வருமானம்.

இதன் விளைவுகள் வேடிக்கையாக இருக்கும். ஓய்வுபெற்றவர்களுக்காகவே உருவான ஃப்ளோரிடாவின் தி வில்லேஜஸில் இந்த எண்ணுக்குள் இருப்பதில் பெரும்பகுதி பென்ஷனும் டிவிடெண்டும். அங்கே போய் வேலை தேடும் இன்ஜினியருக்கு அதனால் ஒரு காசு பிரயோஜனம் இல்லை. டெக்சாஸின் மிட்லண்டில் எண்ணெய் விலை ஏறும் வருடங்களில் தனிநபர் வருமானம் நாட்டின் முதல் வரிசைக்குப் போய்விடும். 2014ல் 100 டாலரைத் தாண்டி நின்ற கச்சா எண்ணெய் பீப்பாய் 2016 பிப்ரவரியில் 30 டாலருக்கும் கீழே விழுந்தபோது, கிணறு தோண்டும் ரிக்குகள் நிறுத்தப்பட்டு அந்த ஊர் தலைகீழானது. மாணவர்கள் நிறைந்த இத்தாக்கா, ஏம்ஸ் போன்ற பல்கலைக்கழக ஊர்களில் கதை நேர்மாறு. வருமானமே இல்லாத மாணவர்கள் கணக்கில் புகுந்து, பேராசிரியர்களின் ஊரைக்கூட ஏழை ஊர் போலக் காட்டிவிடுவார்கள்.

உங்கள் பிடிஎஃபில் அந்தக் கோடு 2019ல் தொடங்குகிறது இல்லையா? அதைத்தான் மேலே சாமர்த்தியம் என்றேன். 2020 ஏப்ரலில் நாடே வேலை இழந்து நின்றது. ஆனால் தலைக்கு 1,200 டாலர் செக், ஜூலை முடிய வாரம் 600 டாலர் கூடுதல் வேலையில்லாப் படி, டிசம்பரில் மறுபடி 600, 2021 மார்ச்சில் 1,400 என்று அரசாங்கப் பணம் வந்து கொட்டியதால் அந்த இரண்டு வருடமும் நாட்டின் தனிநபர் வருமானம் ஏறியது. பட்டறை மூடிக் கிடந்தபோதும் கோடு ஏறுமுகம்தான். ஆகவே மொத்தத்தை விட்டுவிட்டு, அதே அலுவலகத்தின் விரிவான அட்டவணையில் 'சம்பளம், கூலி' என்ற வரியை மட்டும் தனியாக எடுத்து, விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பாருங்கள். ஊர் உழைத்துச் சம்பாதித்தது எவ்வளவு என்று அப்போது தெரியும். குடும்பங்களின் நிலைமை வேண்டுமென்றால் சென்சஸ் அலுவலகத்தின் சர்வேயில் நடுக்குடும்ப வருமானம், அதாவது மீடியன், இருக்கிறது. 65,000க்கும் குறைவான மக்கள் உள்ள இடங்களுக்கு அது பெரும்பாலும் ஐந்து வருடச் சராசரியாகவே கிடைக்கும். பக்கத்தில் பிழை வரம்பும் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டாத ஏற்றத்தை ஏற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதெல்லாம் முன்னுரை. இனிமேல் சொல்வதுதான் விஷயம்.

தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் காலாண்டுக்கு ஒருமுறை ஒரு கணக்கு வெளியிடுகிறது. கம்பெனிகள் வேலையில்லாக் காப்பீட்டு வரி கட்டும்போது கொடுக்கும் விவரத்திலிருந்து எடுப்பது. நாட்டின் வேலைகளில் 95 சதவீதத்துக்கும் மேல் அதற்குள் அடங்கும். சர்வே இல்லை, அநேகமாகத் தலை எண்ணியது. வெளிவர ஐந்தாறு மாதம் ஆகும், ஆனால் நான் நம்புவது அதைத்தான். அதில் நீங்கள் போகப்போகும் கவுண்ட்டியைத் தேர்ந்தெடுத்தேன். மொத்த வேலைகள், சரி. சில்லறை வியாபாரம், சரி. மருத்துவம், சரி. உற்பத்திப் பிரிவுக்குள் இறங்கி, உங்கள் கணவரின் தொழில் எந்தப் பிரிவில் வருமோ அந்த வரிக்குப் போனால், எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. 'வெளியிட இயலாது' என்பதற்கான குறி மட்டும்.

டேட்டா இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். டேட்டா இருக்கிறது, மறைத்திருக்கிறார்கள். ஒரு பிரிவில் ஒன்றிரண்டு கம்பெனிகள் மட்டும் இருந்தாலோ, ஒரே கம்பெனி பெரும்பங்கை வைத்திருந்தாலோ, எண்ணை வெளியிட்டால் அந்தக் கம்பெனியின் ஆள்கணக்கும் சம்பளக் கணக்கும் ஊருக்கே தெரிந்துவிடும். ரகசியம் காக்கச் சட்டம் இருப்பதால் அந்தக் கட்டத்தை மூடிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் ஒரு சின்ன ஊரைப் பற்றி அந்த வெற்றுக் கட்டம் சொல்வதை வேறு எந்த எண்ணும் சொல்வதில்லை. உங்கள் வீட்டுக்காரரின் துறையில் அந்த ஊரில் வேலை கொடுப்பவர் அநேகமாக ஒருவர்தான் என்று அரசாங்கமே வாய் திறக்காமல் சொல்லிவிட்டது.

ஒற்றைக்காலில் நிற்கும் ஊர்கள் கெட்ட ஊர்கள் இல்லை. நன்றாக ஓடுகிற காலத்தில் அவற்றைப் போலச் செழிப்பான இடம் கிடையாது. உங்கள் மாநிலமாகப் போகும் இண்டியானாவையே எடுத்துக்கொள்வோம். எல்கார்ட் – ஆர்வி எனப்படும் சுற்றுலா வண்டிகளின் தலைநகரம். வீட்டையே வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போகிற அந்தப் பொருள் யாருக்கும் இன்றைக்கே வேண்டிய பொருள் அல்ல. கடன் கிடைக்காவிட்டால், பெட்ரோல் ஏறினால், 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று குடும்பம் தள்ளிப்போடும். நாடு முழுக்க லட்சம் குடும்பங்கள் ஒரே சமயத்தில் தள்ளிப்போட்டபோது, 2009 மார்ச்சில் எல்கார்ட்டின் வேலையின்மை 20 சதவீதத்தை ஒட்டிப் போனது. பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகாத ஒபாமா அந்தப் பிப்ரவரியில் அங்கே போய் நின்றார். பிறகு மீண்டார்கள். 2018ல் விகிதம் 3க்கும் கீழே, அதாவது இப்போது உங்களுக்குக் காட்டப்பட்ட அதே எண். 2020 ஏப்ரலில் மறுபடி கிட்டத்தட்ட 30. அடுத்த வருடமே ஆர்விக்கு ஏகக் கிராக்கி. 2021ல் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறியவை 6 லட்சத்துக்கும் மேல். 2023ல் சுமார் 3.13 லட்சம். இரண்டே வருடத்தில் ஏறத்தாழ பாதி.

கோகோமோ இன்னொன்று. கார்களுக்கு டிரான்ஸ்மிஷன் செய்யும் ஊர். 2020 ஏப்ரலில் அங்கே வேலையின்மை சுமார் 34 சதவீதம், வேலை செய்யக்கூடியவர்களில் மூவரில் ஒருவர். அந்த மாதம் நாட்டின் மிக மோசமான விகிதங்களில் ஒன்று. ஆலைகள் திறந்ததும் சரசரவென்று இறங்கியது. விஸ்கான்சினின் ஜேன்ஸ்வில்லில் அப்படி இறங்கும் வாய்ப்பே இல்லை, 2008 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை மூடியது, திறக்கவேயில்லை. மின்னசோட்டாவின் ராச்செஸ்டரும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்த ஊர்தான், மேயோ கிளினிக். ஆனால் நோயைத் தள்ளிப்போட முடியாது என்பதால் அதன் ஆட்டம் வேறு. ஆக, ஊர் எத்தனை காலில் நிற்கிறது என்பதோடு அந்தக் கால் எதன் மேல் ஊன்றியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இதை உங்கள் வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் பயம். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு லே-ஆஃப் வந்தால், ஆறு மாதம் காப்பீட்டுப் பணம் வாங்கிக்கொண்டு, அப்பா வீட்டுக் கராஜில் ஏதாவது செய்துகொண்டு, ஆலை திரும்ப அழைக்கும் வரை காத்திருப்பார். உங்கள் கணவருக்கு விசா விதிப்படி அதிகபட்சம் 60 நாள். அதற்குள் புதிய கம்பெனி அவருக்காக ஹெச்-1பி மனு போட்டிருக்க வேண்டும். நியூஜெர்சியில் 60 நாள் என்பது தூக்கம் கெடும் காலம், ஆனால் ஒரு மணி நேரத் தூரத்தில் நூறு கம்பெனிக் கதவுகள் இருக்கின்றன. அந்த ஊரில் இரண்டாவது கதவு இல்லையென்றால் அடுத்த வேலை என்பதே அடுத்த ஊர்.

அப்புறம், நீங்கள் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், "அவருக்கு ஏதாவது ஆனாலும் என் சம்பளம் இருக்கிறது" என்று. அதை இரண்டு தடவை படித்தேன். உங்கள் ஹெச்-4 அவருடைய ஹெச்-1பியில் தொங்குகிறது, உங்கள் ஈஏடி அந்த ஹெச்-4ல் தொங்குகிறது. அவர் அந்தஸ்து போனால் உங்களுடையதும் போகும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சம்பளம், உள்ளே இருப்பது ஒரே கயிறு. சேமிப்புக் கணக்கு போடும்போது உங்கள் வருமானத்தை ஆபத்துக்கு உதவும் பணமாக எழுதாதீர்கள். நல்ல செய்தியும் உண்டு: ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிவிட்டதால், இப்போதைய கம்பெனி அதை வாபஸ் வாங்கினாலும் கிரீன் கார்டு வரிசையில் அவருடைய தேதி போகாது. ஆனால் புதிய கம்பெனி லேபர் சர்ட்டிஃபிகேஷன் என்ற தொழிலாளர் துறைச் சான்றையும் ஐ-140ஐயும் முதலிலிருந்து செய்ய வேண்டும். எப்போது தொடங்குவார்கள் என்பதை வாய்வார்த்தையாக இல்லாமல் மெயிலில் கேட்டு வாங்குங்கள். இமிக்ரேஷன் விஷயத்தில் நான் வக்கீல் இல்லை. இந்தப் பத்தியை உங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டே முடிவெடுங்கள்.

மெட்ரோ எல்லைக்கும் விசாவுக்கும் ஒரு தொடர்பு இருப்பது பலருக்குத் தெரியாது. வேலை செய்யும் இடம் அதே ஏரியாவுக்குள் மாறினால் பிரச்சினை இல்லை. ஏரியாவைத் தாண்டினால் கம்பெனி திருத்தப்பட்ட மனு போட வேண்டும், 2015லிருந்து இது கண்டிப்பான நடைமுறை. 'இரண்டு வருஷம் கழித்து பக்கத்து ஊர் பிராஞ்ச்சுக்கு மாற்றிவிடலாம்' என்று மேனேஜர் சொல்லியிருந்தால் அது ஒரு ஃபோன் காலில் முடிகிற காரியம் இல்லை. சம்பளமும் அப்படித்தான். ஹெச்-1பிக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம், வேலைக்கு வேண்டிய அனுபவத்தைப் பொறுத்து லெவல் 1 முதல் 4 வரை, பெரும்பாலும் அந்தந்த ஏரியாவின் தொழில்வாரிச் சம்பள சர்வேயிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நியூஜெர்சியில் லெவல் 2 ஆக இருக்கும் தொகை அந்தச் சின்ன ஊரில் லெவல் 3ஐத் தாண்டக்கூடும். மனுவில் எந்த லெவல் போடப் போகிறார்கள் என்று கேளுங்கள். தொகை அதே, லெவல் மட்டும் கீழே என்றால், அவரை எந்த நாற்காலிக்கு எடுக்கிறார்கள் என்று விளங்கிவிடும்.

அதே சர்வேயில்தான் நீங்கள் தேடும் பதிலும் இருக்கிறது. அந்த ஏரியாவில் மொத்தம் எத்தனை மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் வேலையில் இருக்கிறார்கள் என்று எண் போட்டிருக்கும், பக்கத்தில் 'லொகேஷன் கோஷண்ட்' என்று ஒரு தசம எண். நாடு முழுக்க ஆயிரம் வேலைக்கு எத்தனை மெக்கானிக்கல் இன்ஜினியரோ, அதே அளவு அந்த ஊரிலும் இருந்தால் 1. ஐந்து மடங்கு இருந்தால் 5. அது 5, 8 என்று இருந்தால் பெருமையாகத் தோன்றும். நான் அதை எதிர்ப்பக்கமிருந்து படிப்பேன். அந்தக் கம்பெனி தும்மினால் ஒரே வாரத்தில் எத்தனை பேர் உங்கள் கணவரின் அதே ரெஸ்யூமேயோடு தெருவில் நிற்பார்கள் என்பதும் அதே எண்தான்.

இப்போது அண்ணன் சொன்ன வீடு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படியொரு ஊரில் மூன்று வருடம் இருந்தேன். பெரிய ஆலை ஒன்று, அதன் பெயர் வேண்டாம். இரண்டாவது ஷிஃப்ட்டை நிறுத்தினார்கள். வேலையின்மை விகிதம் உடனே ஒன்றும் சொல்லவில்லை. கணக்கெடுக்கும் வாரத்தில் சம்பளத்துக்கு ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலும் அவர் வேலையில் இருப்பவர் என்பதுதான் விதி. எங்களுக்கு முதலில் தெரியவந்தது வேறு விதமாக. எட்டு மாதமாக 'இடமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த டேகேர், தானே போன் பண்ணி, "உங்கள் மகளுக்கு இடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்றார்கள். தற்காலிக ஆட்களை அனுப்பும் டெம்ப் ஏஜென்சி வாசலில் இருந்த 'உடனடி வேலை' போர்டு காணாமல் போனது. ஓவர்டைம் நின்றது. அதற்கு நான்கைந்து மாதம் கழித்துத்தான் எங்கள் தெருவில் முதல் 'விற்பனைக்கு' பலகை. பள்ளிக்கூடம் முடிந்த ஜூன் மாதத்தில் ஒரே தெருவில் ஏழு பலகை எண்ணினேன். ஏழு பேரும் அந்த ஆலைக்காரர்கள். ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேரின் விலையையும் கீழே இழுத்தார்கள்.

சின்ன ஊரில் வீடு வாங்குவதில் இருக்கும் சிக்கல் இதுதான். வேலை போகிற அன்றைக்குத்தான் வீட்டை விற்க வேண்டிவரும், ஊரே விற்கிற அன்றைக்குத்தான் உங்களுக்கும் வேலை போகும். பெரிய ஊரில் இந்த இரண்டும் தனித்தனி ஆபத்துகள். அங்கே ஒன்று. இதில் 60 நாள் கெடுவையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்படியானால் போக வேண்டாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். அதே சம்பளம் என்பது உண்மையில் ஏற்றம்தான். மெட்ரோவாரியாக விலைவாசியை ஒப்பிடும் ஒரு குறியீடு உண்டு, நாட்டுச் சராசரி 100. நியூயார்க் ஏரியா அதற்குப் பத்துப் புள்ளிக்கும் மேலே, இண்டியானாவின் பல சின்ன ஊர்கள் 90ஐ ஒட்டி. வித்தியாசத்தில் பெரும்பங்கு வாடகை. மளிகை, துணிமணியில் அவ்வளவு தெரியாது. இரண்டாவது கார், ஊருக்குப் போகும் விமான டிக்கெட் எல்லாம் கூடும். கழித்துப் பார்த்தாலும் மிச்சமாகும். அந்த மிச்சத்தை முதல் வருடம் அப்படியே ஒதுக்கினால் ஆறு மாதச் செலவு கையில் நிற்கும். அந்தப் பணம்தான் உங்கள் காப்பீடு.

ஆகவே போங்கள், வாடகைக்குப் போங்கள். புதிய ஐ-140 அப்ரூவ் ஆகும் வரை வீடு வாங்கும் பேச்சே வேண்டாம். அண்ணனுக்குக் கோபம் வந்தால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

எங்கே வாடகைக்கு என்பதிலும் ஒரு யோசனை. பக்கத்துப் பெரிய ஊர் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கம்மின்ஸ் என்ற என்ஜின் கம்பெனி இருக்கும் கொலம்பஸிலிருந்து இண்டியானாபொலிஸ் சுமார் 45 மைல். ஓட்டிப் போய் வர முடிகிற தூரம், அதனால் அங்கே குடியிருப்பவருக்கு இரண்டு ஊரின் வேலைச் சந்தையும் திறந்திருக்கிறது. உங்கள் ஊருக்கும் அப்படி ஒரு பெரிய ஊர் இருந்தால், அந்தத் திசையில் இருக்கும் விளிம்பில் குடிபோங்கள். ஆபீசுக்குப் பத்து நிமிடம் கூடுதலானாலும் பரவாயில்லை. உங்கள் பில்லிங் வேலையை வீட்டிலிருந்து தொடர இப்போதைய ஆஸ்பத்திரி ஒப்புக்கொள்ளுமா என்று இப்போதே கேளுங்கள். சின்ன ஊரில் உங்கள் துறையில் இருப்பது ஒரு ஆஸ்பத்திரி, அதிகம் போனால் இரண்டு.

கணவர் சேரப்போவது டிசைன் சென்டரா, அசெம்பிளி ஆலையோடு ஒட்டிய இன்ஜினியரிங்கா என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஆலையில் ஆர்டர் குறைந்தால் வாரக்கணக்கில் ஆள் குறைப்பார்கள். டிசைன் பிரிவுக்குப் பொதுவாகக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். போய்ச் சேர்ந்த பிறகு மாநில அரசின் 'வார்ன்' அறிவிப்புப் பக்கத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனி ஆலையை மூடினாலோ பெருமளவு ஆள் குறைத்தாலோ 60 நாள் முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்பது 1988ன் சட்டம். உங்கள் கம்பெனியின் பெயரை மட்டும் தேடாதீர்கள், அதற்குப் பாகம் சப்ளை செய்யும் சின்னக் கம்பெனிகளின் பெயர்களையும் தேடுங்கள். அவர்களுக்குத்தான் முதலில் காய்ச்சல் வரும்.

கடைசியாக ஆஃபர் லெட்டரின் நான்காம் பக்கம். இடமாற்றச் செலவுக்குத் தரும் தொகையை, இரண்டு வருடத்துக்குள் 'எந்தக் காரணத்தால்' வேலை முடிந்தாலும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. அவர்களே லே-ஆஃப் செய்தாலும் நீங்கள் கட்ட வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தமாகும். 'ஊழியர் தானாக விலகினால்' என்று மாற்றிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர்கள் அனுப்பும் பதிலை எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.